அகல டயர் ஆசை

எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் மில் முதலாளி ஒருவரிடமிருந்து, தரையை ஒட்டி ஓடும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினேன். டயர்கள் தேய்ந்திருந்தன. மனைவியோடு டயர் கடைக்குப் போய், பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டுமென்று அகலமான வீல்களும் டயர்களும் கேட்டேன்.

"வேண்டாம் சார். வண்டி ரொம்பத் தாழ்வு. ரெண்டு பேர் உக்காந்து வளைச்சா மட்கார்டுல உரசும்" என்றார் கடைக்காரர் பாய். நான் கேட்கவில்லை; அதையே மாட்டச் சொன்னேன்.

மறுநாள் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போனோம். ஊருக்குள் திரும்பும் வளைவில் மட்கார்டு விளிம்பு முன் டயரைக் கிழித்துவிட்டது. வண்டி இழுத்துக்கொண்டு போய், பூ விற்ற அம்மாளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு நேரே பாய் கடைக்கு வந்து, "மட்டமான டயரை என் தலையில கட்டிட்டீரே!" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவர் வெளியே வந்து கிழிந்த டயரைத் தடவிப் பார்த்தார். என் மனைவிதான், "அவிய வேண்டாம்னுதான சொன்னாவ? நானும் கேட்டுக்கிட்டுத்தான நின்னேன்" என்றாள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வாரம் ஆனது. "விடுங்க சார், யாருக்கும் ஒண்ணும் ஆகலைல்லா" என்றார் பாய். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

இப்போதெல்லாம் டயர் மாற்றினால், ஆட்களை ஏற்றி, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுக்க ஒடித்துப் பார்த்த பிறகே கடையைவிட்டுக் கிளம்புகிறேன். கடைக்காரர் வேண்டாமென்றால், ஏனென்று கேட்கிறேன்.