வீட்டுக்காரிக்கு ஊர் காட்டிய தரகர்

“இன்னும் கொஞ்சந்தான், அண்ணாச்சி. அந்தா தெரியுது பாருங்க பனை, அதுக்கு அங்கன.”

இதைச் சொல்லும்போது பிச்சையா திரும்பிப் பார்ப்பதில்லை. பின்னால் வருகிறவர் முகத்தைப் பார்த்தால் இரக்கம் வந்துவிடும். இரக்கம் வந்தால் குறுக்குவழி ஞாபகம் வந்துவிடும். குலசேகரன்பட்டினம் போகிற பஸ்ஸில் ஏறி முக்கில் இறங்கினால், விடலிப் பனைகளுக்கு ஊடே பொடிநடையாகச் சங்கன்விளைக்குப் போய்விடலாம். மனை வாங்க வருகிறவர்களை மட்டும் அவர் அந்த வழியில் கூட்டிப் போக மாட்டார். தேரி என்கிற மணல்மேட்டைச் சுற்றி, கால் புதையும் செம்மணலில், உச்சி வெயிலில் நடத்துவார். அக்குளில் குடை உண்டு, விரிக்க மாட்டார். விரித்தால் வந்தவருக்கும் நிழல் கொடுக்கவேண்டுமே.

ஊருக்குள் நுழையும்போது வந்தவருக்கு நாக்கு வறண்டு ஒட்டியிருக்கும். நேரே அம்மன் கோயில் கிணற்றடிக்குக் கொண்டுபோய், தானே ஒரு வாளி இறைத்துச் செம்பில் ஊற்றிக் கொடுப்பார்.

“எப்படி இருக்கு?”

“அமிர்தமால்லா இருக்கு!”

“பின்னே? கடலு கூப்பிடு தூரத்துல கெடக்கு. தண்ணியப் பாத்தியளா! இளநி தோத்துப் போவும்.”

பாதி வியாபாரம் அந்தக் கிணற்றடியிலேயே முடிந்துவிடும். தரகுத் தொழிலுக்கு வருவதற்கு முன் பிச்சையா கருப்பட்டி வியாபாரம் பார்த்தவர். வருகிறவர் கையில் ஒரு துண்டு உடைத்துக் கொடுத்து, அது கரைகிற வரைக்கும் பேசாமல் நிற்பார். அந்தப் பழக்கம்தான் இப்போது கருப்பட்டியிலிருந்து தண்ணீருக்கு மாறியிருக்கிறது.

தண்ணீர் குடித்தவரைப் பிறகு ஊர் சுற்றிக் காட்டுவார். கடலைக் காட்டி, “முத்து எடுத்த கடலு, அண்ணாச்சி” என்பார். எடுத்தவர்கள் வேறு ஊர்க்காரர்கள் என்று அவராகச் சொல்ல மாட்டார். கேட்டால் மறைக்கவும் மாட்டார். சுடுகாட்டுப் பக்கம் வந்ததும் சட்டென்று அந்தப் பக்கமாக மாறி நடந்து, எதிர்த் திசையில் கையை நீட்டி, “மெட்ராசுக்காரன் இந்தக் காத்துக்கு பீச்சுக்கு பஸ் ஏறிப் போகணும், தெரியும்லா?” என்பார். நல்ல உயரமான மனிதர். அவர் மறைத்து நின்றால் சுடுகாடு தெரியாது.

புதுத் துறைமுகம் வந்த பிறகு தூத்துக்குடியில் வாடகை ஏறிப்போனது. ஓய்வு பெறப் போகிறவர்களெல்லாம் கையகல இடம் எங்கே கிடைக்கும் என்று அலைகிறார்கள். யாருக்கும் பெயர்கூடத் தெரியாத சங்கன்விளை, பிச்சையாவின் வாய்ப் புண்ணியத்தில் நாலு பேர் விசாரிக்கிற ஊராகிவிட்டது. அவர் விற்காமல் வைத்திருப்பது ஒரே ஒரு மனை. பிறந்த ஊரில் அவருக்கு வந்த சொந்தப் பங்கு அது. அதில் ஒரு வீடு கட்டிக் குடியேற வேண்டும் என்பது அவருக்கு வெகுநாள் ஆசை. குறுக்கே நின்றது அவர் மனைவி செல்லக்கனி.

செல்லக்கனியின் அப்பா தாமிரபரணிக் கரையில், வயல்காட்டு ஊரொன்றில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். “ஆத்துல முங்கிக் குளிச்சு வளந்தவ நான். என்னைய மணல்ல கொண்டு குடிவைக்கப் பாக்கியளா?” என்று ஒரே கேள்வியில் பேச்சை முடித்துவிடுவாள். ஆகவே, ஊருக்கெல்லாம் மனை காட்டுகிற பிச்சையா தூத்துக்குடியில் உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றுக்குப் பின்னால் வாடகை வீட்டில் இருந்தார். செல்லக்கனி சங்கன்விளைக்கு வருவது கோயில் கொடைத் திருவிழாவுக்கு மட்டும்தான்.

துறைமுகத்தில் வேலை பார்த்த ஜெபசிங் மனை பார்க்க வந்த அன்றைக்குத்தான் வினை வந்தது. மனிதர் மணலில் நடந்தார், தண்ணீர் குடித்தார், காற்றைப் புகழ்ந்தார், கிணற்றடிக்குத் திரும்பி இன்னொரு செம்பும் வாங்கிக் குடித்தார். எல்லாம் கூடிவந்த நேரத்தில், “அது சரி, உம்ம வீடு எது?” என்று கேட்டார்.

“நான் டவுன்லல்லா இருக்கேன், அண்ணாச்சி.”

ஜெபசிங் செம்பைக் கவிழ்த்துவைத்தார். “ஓட்டல்காரரே பக்கத்துக் கடையில போய்ச் சாப்பிட்டா, நான் எப்படிவே இங்க இலை போடுவேன்? நீரு குடிவந்த பொறவு சொல்லி அனுப்பும், வாரேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிச்சையாவுக்குச் சுருக்கென்று தைத்தது. சொந்த ஊரிலேயே தான் ஒரு வெளியூர்க்காரன் என்கிற வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

வீட்டுக்கு வந்ததும் செல்லக்கனியிடம் சொல்லிவிட்டார். “ஒரே ஒருக்கா வந்து பாருளா. பிடிக்கலேன்னா அந்த மனையவும் வித்துட்டு, வீடுங்கிற பேச்சையே விட்டுருதேன்.”

அவள் ஒப்புக்கொண்டாள். “வாரேன். ஆனா எங்கிட்டத் தரகு பேசப்படாது.”

ஞாயிற்றுக்கிழமை இருவரும் முக்கில் இறங்கினார்கள். பிச்சையாவின் கால் பழக்கதோஷத்தில் தேரிப் பக்கம் திரும்பியது.

“அங்கன எங்க போறிய? கொடைக்கு நாம இங்கனல்லா போவோம்?”

அவர் அக்குளிலிருந்த குடையை உருவி விரித்துக்கொண்டு செல்லக்கனி விடலிக்குள் நடந்தாள். இவர் பின்னால் போனார். கிணற்றடியில் அவர் வாளியைத் தூக்கியபோது, “செத்த பொறுங்க” என்று கையமர்த்திவிட்டு நிழலில் உட்கார்ந்தாள். வேர்வை அடங்கிய பிறகுதான் செம்பை வாங்கினாள்.

“வெயில்ல நடத்திக் கூட்டிட்டு வந்து எந்தத் தண்ணியக் குடுத்தாலும் இனிக்கத்தான் செய்யும். நான் தாகமில்லாமக் குடிச்சுப் பாக்கேன்.”

தன் தொழில் ரகசியம் வீட்டில் இத்தனை வருடமாகத் தெரிந்தே இருந்திருக்கிறது என்பது பிச்சையாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

“ஆத்துத் தண்ணி இல்ல,” என்றாள் விழுங்கிவிட்டு. “ஆனா பருப்பு வேவும்.”

சுடுகாட்டுப் பக்கம் வந்ததும் பிச்சையா மாறி நடந்தார். செல்லக்கனி அவர் கைக்குக் கீழே குனிந்து பார்த்தாள். “எதுக்கு மறைக்கிய? எந்த ஊர்லதான் ஆளு சாகல?”

மனைக்கு வந்து சேர்ந்தபோது பிச்சையாவிடம் தரகு வித்தை ஒன்றும் மிச்சமில்லை. இத்தனை பேரிடம் வாய் வலிக்கப் புகழ்ந்து பேசியவர், இப்போது குறையை எல்லாம் தானே சொன்னார்.

“ஆடியில காத்து பேயாட்டம் ஆடும். சோத்துல மணலு விழும். கடைக்குப் போகணும்னா முக்கு வரைக்கும் நடக்கணும். எல்லாம் நெசந்தான். ஆனா எனக்கு இங்கனதான் இருக்கணும்னு இருக்குளா.”

இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசி அவள் கேட்டதில்லை. மனையின் நடுவில் போய் நின்று நாலு பக்கமும் பார்த்தாள்.

“ஆடிக் காத்து எங்கேருந்து வரும்?”

“மேக்கேருந்து.”

செல்லக்கனி குடையை மடக்கி அவர் கையில் கொடுத்தாள். கிடந்த பனைமட்டை ஒன்றை எடுத்து, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, மணலில் கோடு இழுக்க ஆரம்பித்தாள்.

“அப்ப மேக்க சன்னலு வைக்கப்படாது. அடுக்களை இந்த மூலையில. சோத்துல மணலு விழுதா இல்லையான்னு நானும் பாக்கேன். வாசலு கெழக்க பாத்து இருக்கட்டும்.”

நாலு பக்கமும் இழுத்து, கிழக்கே மட்டும் ஓராள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டாள். அடுக்களை மூலையில் போய் நின்றுகொண்டு இடுப்பில் கை வைத்தாள்.

“என்ன, வேத்தாளு மாதிரி அங்கனயே நிக்கிய? உள்ள வாங்க.”

பிச்சையா மேற்கே நின்றிருந்தார். ஓர் எட்டு வைத்தால் அவள் பக்கத்தில் போய்விடலாம். அவர் கோட்டை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு கிழக்கே வந்தார். அந்த இடைவெளிக்கு வெளியே செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தார். கொதிக்கிற மணலில் வெறுங்காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு உள்ளே போனார்.