குரோட்டனுக்கு எண்ணெய்க் குளியல்

பதினோராம் வகுப்புக்குத் தாவரவியல் எடுக்கிறவள் நான். இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, அவற்றின் வழியாகத்தான் செடி காற்றை உள்ளே வாங்கி வெளியே விடுகிறது, குடித்த தண்ணீரை ஆவியாக வெளியே அனுப்பித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது என்று வருஷம் தவறாமல் தொண்டை கட்டக் கத்துகிறேன். இலையில் வாஸ்லின் களிம்பு தடவித் துளைகளை அடைத்துக் காட்டும் சோதனையும் உண்டு. எங்கள் வீட்டில் அந்தச் சோதனையை என்னைக் கேட்காமலே என் கணவர் செய்து முடித்தார்.

அவர் கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டில் நடக்கும் சுற்றுலா விடுதிக்கு மேனேஜர். விருந்தாளிகள் வருவதற்கு முன் தேக்குக் கதவு, தூண் எல்லாவற்றையும் எண்ணெய் போட்டுத் தேய்க்க வைப்பது அவர் பொறுப்பு. பளபளக்காத எதையும் அவரால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிங்கம்புணரியிலிருந்து என் அம்மா வருவதாக இருந்தது. எங்கள் காரைக்குடி வீட்டு வாசலில் தொட்டியில் நிற்கும் குரோட்டன் அம்மா கொப்பு ஒடித்துக் கொடுத்தது. வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன் அதைத்தான் பார்ப்பாள். நான் நன்றாக இருக்கிறேனா என்பதெல்லாம் பிறகு. ஓர் இலை வாடியிருந்தாலும் போதும், "ஒரு செடிய வளக்கத் துப்பில்ல, நீ எங்க பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கப் போற" என்று ஆரம்பித்துவிடுவாள். அதற்காகவே அந்தக் குரோட்டனை நான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன்.

அதற்கு முந்தைய திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் குரோட்டன் மின்னுகிறது. பக்கத்தில் பஞ்சும் தேங்காய் எண்ணெயுமாக அவர்.

"என்ன செஞ்சீக?"

"அத்தை வாரப்ப பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னுதான்."

"அடிப்பக்கம் தடவலையில்ல?"

"அதெப்படி விடுவேன்? அடியில ரெண்டு தடவ தேச்சேன்."

ஆத்திரத்தில் எனக்கு வகுப்பறைக் குரலே வந்துவிட்டது. "அது மூச்சு விடுற எடத்தப் பூராம் அடச்சுப்புட்டீக."

"நாம தலைக்குத் தேய்க்கிறதில்லையா? ஒடம்பு குளிருமே."

"அது குளிரணும்னா தண்ணி ஆவியா வெளிய போகணும். நீங்க கதவச் சாத்திட்டீக."

அவர் நம்பவில்லை. மறுநாள் மதியம் இருவரும் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது, உச்சி வெயிலில் அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய், பக்கத்துச் செம்பருத்தி இலையையும் குரோட்டன் இலையையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். குரோட்டன் சுட்டது. அங்கங்கே கருகவும் தொடங்கியிருந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

"எண்ணெய் தேச்சா குளிப்பாட்டணும்ல, அத மறந்துட்டேன்" என்று உள்ளே போய்ச் சீயக்காயைக் கரைத்துக்கொண்டு வந்தார். நான் தடுப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார். தேய்த்த தேய்ப்பில் பாதி இலை கையோடு வந்தது. மீதி அடுத்தடுத்த நாட்களில் தானாக உதிர்ந்தது. சனிக்கிழமை தொட்டியில் ஒரு குச்சி நின்றது. எனக்கு அழுகையே வந்தது.

அம்மா வந்தாள். குச்சியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்னடி இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முன்னால் வந்தார். நழுவிவிடுவார் என்றுதான் நினைத்திருந்தேன். "அவ மேல தப்பில்ல அத்தை. நான்தான் எண்ணெய் தேச்சுப்புட்டேன்."

அந்த ஒரு நிமிடம் அவரைக் கல்யாணம் கட்டிக்கொண்டதற்காக உண்மையிலேயே பெருமைப்பட்டேன்.

அம்மா யோசித்தாள். "என்ன எண்ணெய் மாப்ள?"

"தேங்கா எண்ணெய்."

"அதான்." அம்மா என் பக்கம் திரும்பினாள். "மாப்பிள்ள ஆசையாத் தேய்க்கிறாக. நல்லெண்ணெய எடுத்துக் குடுக்க ஒனக்கு என்ன?"

"அம்மா, எந்த எண்ணெயா இருந்தாலும் இலைக்கு அடியில..."

"நீ பேசாத." பிறகு குரலைத் தணித்து அவரிடம் சொன்னாள்: "ஊருக்குப் போயி வேற கொப்பு குடுத்து விடுறேன் மாப்ள. நீங்களே வச்சு வளங்க. இவளுக்குக் கைராசி இல்ல."

"சரிங்கத்தை" என்றார் அவர், மிகவும் பணிவாக. என் பக்கம் திரும்பவேயில்லை.