ஐந்து மணிக்குள் ஏறிய வயல் படங்கள்

போன வருஷம் கார்த்திகை மாதம். கடலூர் செம்மண்டலத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயிகள் சங்கம் ஒன்றின் வெப்சைட் என் பொறுப்பு. மழையில் மூழ்கிய வயலைப் படம் எடுத்து, பட்டா, ஆதார் நகலோடு அதில் ஏற்ற வேண்டும். நிவாரணப் பட்டியலுக்கு அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி.

மதியம் இரண்டு மணிக்கு ஒரு விவசாயப் பெண் போன் செய்தார். "மேடம், பத்து தடவ அமுக்கிட்டேன், படம் போவ மாட்டேங்குது. சிதம்பரம் போயி நேர்ல குடுக்கலாம்னா ரோட்டுல தண்ணி. பஸ்சும் ஓடல."

முந்தின நாள் வெப்சைட்டைப் புது சர்வருக்கு மாற்றியது நான்தான். பக்கங்கள் திறக்கின்றனவா என்று பார்த்தேனே தவிர, ஒரு படத்தைக்கூட ஏற்றிப் பார்க்கவில்லை.

படங்கள் போய்ச் சேரும் ஃபோல்டர் என் பெயரில் இருந்தது. வெப்சைட்டை நடத்தும் புரோகிராம் சர்வரில் ஒரு தனி ஆள் மாதிரி. அந்த ஃபோல்டரில் எழுத அதற்கு அனுமதி இல்லை.

முதலாளி பதறிவிட்டார். "அந்த ஃபோல்டர எல்லாருக்கும் தொறந்து விட்ரும்மா, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

"அதுல அவுங்க ஆதார்லாம் இருக்கு சார். அப்படிச் செய்ய மாட்டேன்." அவரிடம் நான் மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

சர்வரில் அனுமதி உள்ளவர்களுக்கென்று ஒரு குரூப் உண்டாக்கி, ஃபோல்டரை அந்தக் குரூப்புக்கு மாற்றி, எழுத அனுமதி கொடுத்து, புரோகிராமையும் அதில் சேர்த்தேன். அப்படியும் படம் ஏறவில்லை. திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். எழுதியதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. மணி நாலேகால். முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் உறைத்தது. புரோகிராம் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. தொடங்கும்போது இருந்த அனுமதியோடுதான் அது ஓடும்; நடுவில் அதைக் குரூப்பில் சேர்த்தது அதற்குத் தெரியாது. நிறுத்தி, மறுபடி ஓடவிட்டேன். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"தப்பு என்னோடதுதான்க்கா. இப்ப ஒரே ஒரு தடவ அமுக்குங்க."

"போயிடுச்சி! தங்கச்சி, போயிடுச்சி!"

ஆபீஸ் முழுக்கக் கேட்டது. என் திரையில், முழங்கால் தண்ணீரில் சாய்ந்து கிடக்கும் அவர் நெற்பயிர். சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி போட்டதும் படங்கள் வந்து குவிந்தன. ஐந்தடிப்பதற்குள் காத்திருந்தவர்களில் ஒருத்தர் பாக்கியில்லை. முதலாளி தானே போய் எனக்கு டீ வாங்கி வந்தார்.

எவ்வளவு அவசரத்திலும் குறுக்கு வழியில் இறங்காமல் நிற்க என்னால் முடியும் என்பது எனக்கே தெரிந்த நாள் அது. அந்தத் தைரியத்தில்தான் இன்றும் ஒவ்வொரு வேலையையும் தொடுகிறேன்.