பேனர்மேல் தூங்கிய பிள்ளைகள்

சின்னக் குழந்தைகளுக்காக அரசாங்கத்தோடு மல்லுக்கட்டுவதுதான் என் வேலை. தொண்ணூறுகளின் கடைசியில், மாமல்லபுரம் கடற்கரை ஓட்டல் ஒன்றில் குழந்தைகள் உரிமைக் கருத்தரங்கு நடத்தினோம். தலைமை தாங்கும் அதிகாரிக்கு வரவேற்புப் பாட்டுப் பாட, பக்கத்துக் குப்பத்துப் பால்வாடிப் பிள்ளைகளை ஆயா கூட்டி வந்திருந்தார். எல்லாம் மூன்று, நான்கு வயசு.

காலையில் வாசலில் நிறுத்தியவர்களை மதியம்வரை உட்கார விடவில்லை. உள்ளே பிரியாணி மணக்கிறது. பசிக்குதென்று அழுதார்கள்.

"இப்ப சாப்பிட்டா சட்டை அழுக்காயிடும். சார் வந்துடட்டும்," என்றார் எங்கள் தொண்டு அமைப்பின் இயக்குநர்.

ஒரு பாப்பா நின்றபடியே மூத்திரம் போய்விட்டுத் தேம்பியது.

"அதைப் பின்னாடி தள்ளுங்க," என்றார் இயக்குநர்.

'அதை'யாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'குழந்தைகளே நம் செல்வம்' என்று வாசலில் தொங்கிய பேனரைப் பிடுங்கிச் சவுக்குமர நிழலில் விரித்தேன். ஆயா பிள்ளைகளை அதில் உட்காரவைத்தார். பிரியாணி அண்டாவை நானே இழுத்து வந்தேன். தின்ற பிள்ளைகள் அங்கேயே தூங்கிப்போனார்கள்.

அதற்குப் பிறகுதான் அதிகாரி வந்தார். "பாட்டு இல்லையா?"

ஆயா எழுந்திருக்கவில்லை. "பசங்க தூங்கினு கீதுங்க சார். கத்தாதீங்க."

சாயங்காலமே என்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். வேறு அமைப்பில் அதே வேலையைத்தான் தொடர்ந்தேன். இன்றைக்கும் மேடையில் பிள்ளைகள் வரிசையாக நின்றால், "சாப்பிட்டாங்களா?" என்று எழுந்து கேட்கிறேன். பதில் வராமல் கை தட்டுவதில்லை.