முகம் பார்த்து வேலை கொடுத்தவர்

அப்பாவின் ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து, இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவரைப் புனிதராக்கி எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். அதனால் இருந்தபடியே எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது கல்மண்டபத்தில், ரயில்வேயில் கலாசியாக இருந்த கூலித் தொழிலாளி ஒருவரின் மூன்றாவது பிள்ளையாக. பத்தாவதோடு படிப்பு நின்றது. துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். பிறகு எண்ணூர் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி, சூப்பர்வைசராக உயர்ந்தார். அம்மாவைக் கைப்பிடித்துத் திருவொற்றியூரில் குடியேறினார். நான் ஒரே மகள்.

யார்டில் அவருக்கு ஒரு வழக்கம். காலை ஷிப்டுக்கு ஆட்கள் வரும்போது கேட் அருகே நின்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பார். யாருக்காவது முகம் சரியில்லை என்றால் தனியே கூப்பிட்டு, அன்று வண்டி வேண்டாம், கீழே நின்று கன்டெய்னர் சீல்களைச் சரிபார் என்று சொல்லிவிடுவார். "மனசு எங்கியோ கீதுன்னா கை எங்க போவும்?" என்பார்.

என் கம்பெனியில் ஒருமுறை, ஊழியர்களின் மனநிலை அறிந்து நடத்துவது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். அதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன். "இதுக்கு ஏசி ரூமு, பிரியாணி வேறயா?" என்றார் அப்பா.

அந்த அப்பாவும் ஒருமுறை தவறு செய்தார். அம்மா இறந்த ஐந்தாம் நாளே வேலைக்குப் போய்விட்டார். அன்று டிரைவர் தாசன் அண்ணன் வாடிய முகத்தோடு வந்திருக்கிறார். அவர் மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீடு போயிருந்த விஷயம் அப்பாவுக்குத் தெரியும். இருபது பேர் எதிரில், "பொண்டாட்டி கோச்சிகினு பூட்டா, மூஞ்சி தொங்கிகினு கீது. இன்னிக்கு வண்டிய தொடாத" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். தாசன் அண்ணன் வண்டிச் சாவியை வைத்துவிட்டு வெளியேறினார்.

உண்மையில் அன்று கீழே நின்றிருக்க வேண்டியவர் அப்பாதான். அவர் முகத்தைப் பார்க்க அங்கே ஆள் இல்லை. நானும் பார்க்கவில்லை. வேலைக்குப் போனால் மனம் தேறும் என்று டிபன் கட்டிக் கொடுத்து அனுப்பியவள் நான்தான். இன்றும் எனக்கு அது வலிக்கிறது.

தாசன் அண்ணன் வீடு எங்களுக்குப் பின்தெரு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அப்பா போய் நின்றார், அவர் வெளியே வரவில்லை. மூன்றாவது ஞாயிறு, அன்று சிரித்தவர்களையும் கூட்டிக்கொண்டு போனார். "எல்லாரு முன்னாடியும் பேசினேன், எல்லாரு முன்னாடியும் சொல்றேன். தப்பு என்னுது, தாசு."

"சர்தாண்ணா, வுடு," என்றார் தாசன் அண்ணன். மறுநாள் வேலைக்கும் வந்தார். ஆனால் அதன்பின் அப்பாவிடம் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை.

அப்பா அன்றுமுதல் யாரிடமும் முகத்தைப் பற்றிப் பேசியதில்லை. "எனக்கு கீய ஒரு ஆளு கொறையுது, கொஞ்சம் கூட நில்லேன்" என்பார். ஆள் குறையாத நாளிலும் அப்படித்தான்.

ஓய்வு பெற்றபின் சிறுநீரகம் கெட்டது. ராயபுரத்து மருத்துவமனையில் பதினோரு நாள் கிடந்தார். "தாசு மனசுல அது இன்னும் கீதா, பாப்பா?" என்று ஒருநாள் கேட்டார். "இல்லப்பா" என்றேன். உண்மை தெரியாமல்தான் சொன்னேன்.

அப்பாவுக்கு ரத்தம் கொடுத்தவர்கள், மருத்துவமனையில் மாற்றி மாற்றித் துணையிருந்த சித்தப்பா பிள்ளைகள், துக்கத்தின் மூன்று நாளும் எங்களுக்கும் சேர்த்துத் தங்கள் வீட்டில் சமைத்த தெருப் பெண்கள், யார்டு நண்பர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவர் மீதமிருக்கிறார். அப்பாவின் உயிர் பிரிந்த காலை, வீட்டை ஒழுங்குபடுத்த நான் மருத்துவமனையிலிருந்து முன்னால் கிளம்பினேன். ஸ்கூட்டரில் சாவியை நுழைக்கவே வரவில்லை. தகவல் கேட்டு வந்திருந்த தாசன் அண்ணன் பக்கத்தில் வந்து, என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு சாவிக்குக் கை நீட்டினார்.

"பாப்பா, வயி சொல்ல எனக்கு ஒரு ஆளு கொறையுது. பின்னாடி குந்திகினு சொல்றியா?"

முப்பது வருடமாக எங்கள் பின்தெருவில் இருப்பவருக்கு, திருவொற்றியூர் வரைக்கும் வழி சொல்லிக்கொண்டே போனேன். நான் உங்களிடம் சொன்னது பொய்யில்லை, அப்பா.