பிரேக் மாத்திரை போடமாட்டார்

லாரி ஓட்டிய காலத்தில் யார் கை காட்டினாலும் வண்டியை நிறுத்தமாட்டார் என்பதால் அவருக்குக் கிண்டலாக ‘பிரேக்’ என்று பெயர் வைத்தார்கள். எழுபதைத் தாண்டியும் அந்தப் பெயர் போகவில்லை, பிடிவாதமும் போகவில்லை. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தி மாதக்கணக்காகிவிட்டது. மகள் கெஞ்சினாள், அழுதாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். “என் உடம்பு, என் இஷ்டம்” என்பதோடு சரி. கடைசியில் அவள், வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கும் நர்ஸிடம் சொல்லிவிட்டாள்.

நர்ஸ் மாடியேறி வந்ததும் முகத்துக்கு நேராகவே கதவைச் சாத்தினார் பிரேக். அவள் அசரவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

“போறியா, போலீஸக் கூப்பிடவா?” என்று உள்ளிருந்து கத்தினார்.

“கூப்பிடுங்க ஐயா. அவருக்கும் பிரஷர் பாத்துடறேன்.”

அடக்கிப் பார்த்தார். சிரிப்பு முந்திக்கொண்டது. சிரித்த பிறகு கதவை மூடி வைத்திருப்பது எப்படி?

உள்ளே வந்தவள் அவரைப் பேசவிடாமல் சற்று நேரம் சாய்ந்து உட்காரவைத்தாள். கையை மேசைமேல் நீட்டச் சொல்லிப் பட்டையைச் சுற்றினாள். சற்றுப் பொறுத்து மறுபடியும் பார்த்தாள். அழுத்தம் எக்கச்சக்கம். பயமுறுத்தப் போகிறாள் என்று தயாராக இருந்தார்.

“நிறுத்தினதுக்கு ஒரு காரணம் இருக்கும்ல? அதச் சொல்லுங்க.”

மகள் சமையலறைக்குள் போகும்வரை அவர் வாய் திறக்கவில்லை. பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்த மாத்திரை போட்டால் அடிக்கடி சிறுநீர் முட்டும். பழைய டிரைவர்களோடு சீட்டாடப் பஸ்ஸில் போனபோது, நெரிசலில் இறங்க வழியில்லாமல் உடுப்பை நனைத்துக்கொண்டார். பக்கத்து சீட்டுக்காரன் எழுந்து தள்ளி நின்றான். அன்றோடு மாத்திரைக்கும் முழுக்கு, பஸ்ஸுக்கும் முழுக்கு. வெளியே போகாததற்கு வீட்டில் முட்டிவலி என்று சொல்லிவைத்திருந்தார்.

“ராத்திரி பகலா ரோட்டுல கெடந்தவன்மா நான்” என்றார்.

நர்ஸ் சிரிக்கவில்லை, ஐயோ பாவம் என்றும் சொல்லவில்லை. அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டாள். “அடுத்த மாசமா? அதெல்லாம் முடியாது டாக்டர், இந்த வாரமே பாருங்க.” அவள் பிடித்த பிடியைப் பார்த்து, தனக்கும் மேல் ஒருத்தி இருக்கிறாள் என்று பிரேக் நினைத்துக்கொண்டார்.

டாக்டர் சிறுநீர் முட்டவைக்காத வேறு மாத்திரை கொடுத்தார். நர்ஸ் வாராவாரம் வந்தாள். உப்பைக் குறைக்கச் சொன்ன அன்று வீடே இரண்டுபட்டது. அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கியது.

ஒருநாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு சீட்டாடக் கிளம்பினார். மகள் வாசலை மறித்தாள்.

“வேணாம்ப்பா. வழியில ஏதாவது ஆயிட்டா?”

“ஆனா ஆகட்டும். வீட்டுக்குள்ள பொத்திப் பொத்தி வெச்சுக்க நான் என்ன கண்ணாடிச் சாமானா? வழிய விடும்மா.”

பஸ் பிதுங்க பிதுங்க வந்தது. அடுத்ததற்குக் காத்திருக்க அவருக்கு மனமில்லை. முண்டியடித்து ஏறி, ஆள் இறங்கிக் காலியானதில் ஜன்னலோர சீட்டாகப் பார்த்துப் பிடித்தார்.