நான் பைசலாக இருந்தபோது

தலைச்சாயத்துக்கு ஒரு நாற்றம் உண்டு, அழுகிய முட்டையை யாரோ மல்லிகைப்பூவில் பொதிந்து வைத்தது போல. சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அந்த நாற்றத்தோடு கிணற்றடியில் குந்தியிருந்தவன் நான்தான். நாற்பத்தேழு வயது, இரண்டு பிள்ளைகள், அலுமாரி நிறையப் புத்தகங்கள், கூட்டங்களில் நாலு பேர் சிரிக்கப் பேசுகிறவன் என்று ஊரில் ஒரு பெயர். இவ்வளவும் உள்ள நான், நேரில் ஒருமுறையும் கண்டிராத ஒரு குவைத்துக்காரனைத் தொலைபேசித் திரையில் சந்திப்பதற்காகத் தலைக்குக் கறுப்படித்து, அதில் பாதியை நெற்றிக்கும் அடித்துக்கொண்டேன். "நம்மட கலியாணத்துக்கு முகம் மட்டும் கழுவிட்டுத்தானே வந்த நீங்க" என்றாள் மனைவி. அந்தக் குவைத்துக்காரனின் பெயர் பைசல். என் அம்மாவின் வயிற்றில் பிறக்காமல் கையில் வளர்ந்த பிள்ளை.

அம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனபோது எனக்கு நாலு வயது. அப்பா அதற்கு முன்பே வெல்லாவெளிப் பக்கம் வேளாண்மை வெட்டப் போய், வெட்டி முடிந்தும் அங்கேயே இன்னொரு வீட்டில் தங்கிவிட்டவர். ஆகவே தேற்றாத்தீவில், வாவிப் பக்கத்தில் கிடுகு வேய்ந்த வீட்டில், என்னை வளர்த்தவர் அம்மாவின் அக்கா. பெரியம்மாவுக்கு அடிக்கிற கை நீளம், அதைவிட வாய் நீளம். தன் தங்கச்சிக்கு அங்கே பிள்ளை பார்க்கிற வேலை மட்டும்தான், கூட்டவும் கழுவவும் அவளுக்குக் கீழே மூன்று பேர் நிற்கிறார்கள் என்று ஊர்முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஊரும் நம்பியது, நானும் நம்பினேன்.

எனக்கு ஒன்பது வயதாகும்போது அம்மா லீவில் வந்தார். வாடகை வான் வாசலில் நின்றது. இறங்கியவரை எனக்குத் தெரியவில்லை. சுவரில் மாட்டியிருந்த படத்தில் அம்மா கன்னம் உப்பிய பெண். இறங்கியவருக்குக் கன்னமே இல்லை. கைவிரல்கள் மட்டும் வெளிறி, தோல் உரிந்து, அதிக நேரம் தண்ணீரில் கிடந்தவை போல இருந்தன. பாச்சை உருண்டையும் அத்தரும் கலந்த வாசத்தோடு அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். நான் பெரியம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்று, ஊருக்கே கேட்கிற ஒரு இரகசியக் குரலில், "இவங்க எப்ப போவாங்க?" என்று கேட்டேன். வான்காரர் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். பிறகு சூட்கேசை எண்ணுவதுபோலத் திரும்பி நின்றுகொண்டார்.

அவர் திரும்பிப் போவதா, நிற்பதா என்பது அப்போது முடிவாகவில்லை. "காணும்கா உழைச்சது, இனிப் போகாத. வயித்துல சுமந்தது போதாது, கண்ணிலயும் சுமக்கவேணும்" என்று பெரியம்மா ஒவ்வொரு நாளும் ஓதிக்கொண்டிருந்தார். அவர் போவதும் நிற்பதும் எனக்கு ஒன்றுதான். இந்த அம்மா என்னோடு மரியாதையாகப் பேசினார். "மகனுக்கு என்ன வேணும்? மகன் சாப்பிட்டீங்களா?" என்று வைத்தியசாலைத் தாதி கேட்பதுபோலக் கேட்டார். நானும் நோயாளி மாதிரியே பதில் சொன்னேன்.

ஒரு மத்தியானம் அவர் ஆற்றுமீனில் முள் எடுத்து, சோற்றோடு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். கை தன்பாட்டில் வேலை செய்தது, மனது வேறெங்கோ இருந்தது. திடீரென்று, "பைசல், வா, ஆக் காட்டு" என்றார். சொதிச் சட்டிக்குள் பெரியம்மாவின் அகப்பை நின்றுவிட்டது. அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கோ அந்தப் பெயர் காதில் விழவேயில்லை, குரல்தான் விழுந்தது. வெயிலில் வைத்த தேங்காயெண்ணெய் மாதிரி உருகிக் கிடந்த அப்படியொரு குரல் அவரிடம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நான் எழுந்து போய் வாயைத் திறந்தேன். ஒரு வாய்ச் சோற்றுக்காகப் பெயரை மாற்றிக்கொண்டவர்களைப் பற்றிப் பின்னாளில் எவ்வளவோ வாசித்திருக்கிறேன். அவர்களில் யாரையும் குறைசொல்லும் தகுதி எனக்கு இல்லை.

அதன்பிறகு நான் முழுநேரப் பைசலானேன். இந்த அம்மா போகக்கூடாது என்று எனக்குப் பட்டுவிட்டது. அங்கே இருப்பது இங்கேயும் இருந்தால் அவர் ஏன் போகப்போகிறார் என்பது ஒன்பது வயதுக் கணக்கு. அவனைப் பற்றிக் கேட்டால் போதும், அம்மா பேசத் தொடங்கிவிடுவார். என்னைப் பற்றிச் சொல்ல அவரிடம் நாலு வயது வரைக்கும்தான் சரக்கு இருந்தது. பைசல் அம்மாவின் காதுச்சோணையைத் திருகிக்கொண்டுதான் தூங்குவானாம், நானும் திருகினேன். பைசல் பழஞ்சோறு தொடமாட்டானாம், அங்கே பழஞ்சோறே கிடையாதே என்று யோசிக்காமல் நானும் தொடவில்லை. சூட்கேசில் வந்த உடுப்பெல்லாம் அவனுக்குச் சிறுத்துப்போனவை. அவன் என்னைவிட இரண்டு வயது இளையவன், உடம்பில் இரண்டு மடங்கு. அவனுடைய நீளமான வெள்ளை அங்கிக்குள் நான் கொடிக்கயிற்றில் காயப்போட்டதுபோல ஆடிக்கொண்டு திரிந்தேன். வாவிக்கரையில் பெடியன்கள் "அராபி வாறான், ஒட்டகம் எங்கடா?" என்று கத்தினார்கள். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பைசலுக்குத் தாகமெடுத்தால் காலை உதைத்து, அம்மாவிடம் பிடித்த தமிழில் "தண்ணி!" என்று வீடு அதிரக் கத்துவானாம். "அப்பிடி ஒரு சுட்டி" என்று அம்மா சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

குவைத்துச் சாமான் பார்க்க அயல்பெண்கள் முற்றத்தில் கூடியிருந்த ஒரு பின்னேரம். அம்மா பாயில் நடுவில் இருந்து, வந்தபிறகு முதல்தடவையாக வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னும் கொஞ்சம் சந்தோசம் கொடுக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. வெள்ளை அங்கியோடு படியில் ஏறி நின்று, காலை உதைத்து, "தண்ணி!" என்று கத்தினேன்.

அம்மா சொல்லிக்கொண்டிருந்த வசனம் பாதியில் நின்றது. யாரும் என்னவென்று விளங்கிக்கொள்வதற்குள் அவர் எழுந்து உள்ளே ஓடி, பீரிசுத் தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்து, இரண்டு கையாலும் ஏந்தி, தலையைக் குனிந்தபடி என் முன்னால் கொண்டுவந்து நின்றார். கொடுத்ததும் ஒரு அடி பின்னால் போய், கிளாசைத் திரும்ப வாங்குவதற்காகக் காத்து நின்றார். தான் எழுந்ததே அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கவேண்டும்; முகம் மெல்ல மெல்ல மாறியது. பிறகு ஒருத்தி சொன்னாள்: "உனக்குக் கீழ மூணு பேர் எண்டாவே உன்ட அக்கா. அந்த மூணு பேரும் லீவாகா?"

நான் அந்தத் தண்ணீரைக் குடித்தேன். கேட்டுவிட்டுக் குடிக்காமல் விடுவது மரியாதையில்லை என்று நினைத்தேனோ என்னவோ, கடைசிச் சொட்டுவரை குடித்து, வெறுங்கிளாசை அவர் கையில் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்தவற்றில் இதைவிடக் கேவலமானது வேறில்லை என்று சொன்னால், என்னை அறிந்தவர்கள் ஒள்ளுப்பம் நேரம் யோசித்துவிட்டு ஒத்துக்கொள்வார்கள்.

சனம் கலைந்ததும் பெரியம்மா ஈர்க்குக்கட்டை எடுத்தார். "பெத்தவளை வேலைக்காரியாக்கின வாயடா இது!" என்று காலில் விளாசினார். அம்மா குறுக்கே விழுந்து கையைப் பிடித்தார். "அடிக்காதகா, அவன் சின்னன், அவனுக்கு என்ன தெரியும்?" என்றார். எந்த அவனைச் சொன்னார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

லீவு முடியுமுன்பே அம்மா குவைத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். வான் புறப்படும்போது அவர் யன்னலால் கையை நீட்டினார். இந்தமுறை எப்போது போவார் என்று நான் கேட்கவில்லை, எப்போது வருவார் என்று கேட்கவும் வாய் வரவில்லை. நான்தான் அனுப்பிவைத்தேன் என்று அன்றைக்கே முடிவுகட்டினேன். அவர் ஒரேயடியாக வந்து சேர்ந்தபோது எனக்கு மீசை அரும்பியிருந்தது. அங்கே ஒருவன் காதுச்சோணை இல்லாமல் தூங்கப் பழகிக்கொண்டிருந்திருப்பான்.

இப்போது அந்தக் கிடுகு வீடும் இல்லை, பெரியம்மாவும் இல்லை. குவைத்துச் சாமான் பார்க்க யாரும் முற்றத்தில் கூடுவதுமில்லை. முற்றமே இல்லை, கொங்கிறீற் போட்டாயிற்று. ஆனால் பைசல் வீட்டில் இப்போது வேலைக்கு நிற்பவள் எங்கள் பக்கத்து ஆரையம்பதிக்காரி. அவளிடம் அவன் என் அம்மாவின் பெயரையும் ஊரையும் சொல்லி விசாரிக்க, அவளுடைய ஆட்கள் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். அவளுக்கு ஆரையம்பதியில் பிள்ளை இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை திரையில் ஒரு பெரிய மொட்டைத்தலை தோன்றி, ஒரு சொல்லும் பேசாமல் அழுதது. அழுதுகொண்டே தன் காதைத் தொட்டுக் காட்டியது. அம்மா தோடில்லாமல் தொங்கிப்போன தன் சோணையைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பிடித்தார். துருப்பிடித்த அரபியில் ஏதோ சொன்னார். உருகின எண்ணெய் அந்தக் குரலில் அப்படியே இருந்தது. நான் எழுந்து உள்ளே போய், ஒரு கிளாஸ் தண்ணீரைப் பீரிசில் வைத்து இரண்டு கையாலும் கொண்டுவந்தேன். அம்மா என்னைப் பார்க்காமலே குடித்துவிட்டு வெறுங்கிளாசை நீட்டினார்.

பேசி முடிந்தபிறகுதான் கேட்டேன், முப்பத்தெட்டு வருசமாகக் கேட்காததை: "அம்மா, அண்டைக்கு நான் தண்ணி கேட்டுக் கத்தினதாலயா திரும்பிப் போன நீங்க?"

"எந்தத் தண்ணி?" என்றார் அம்மா. "கூரைக்கு ஓடு போடப் போன நான். மாரிக்கு ஒழுகின ஒழுக்கு மறந்து போச்சா? உலகத்துல எல்லாம் உன்னாலதான் நடக்குதெண்டு சின்னன்லயே உனக்கொரு நினைப்பு." பிறகு அன்றைக்கு முதல்தடவையாக என்னை ஏறிட்டுப் பார்த்தார். "பைசலைப் பாரு, மொட்டையோட வந்து ஒழுங்கா இருந்தான். நீ போய் அந்த நெத்தியைக் கழுவு மனே."